ஒழுக்கை விழுங்கும் கல்

எங்கள் ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்தபோது, வேலை ஒரு நாளில் முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் செம்மண் மண்வெட்டிக்கு இளகிக் கொடுக்கும் மண். ஆனால் இரண்டடி போகவில்லை, கல் வந்துவிட்டது. மண்வெட்டிக்காரர் ஒதுங்க, பெக்கோவின் கையில் உளியைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாள், விடிந்தால் பொழுதுபடும்வரை கல் உடைக்கும் சத்தம். யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பக்கத்து வீட்டு மாமி தன் மதிலில் ஓடிய கீறலைக் காட்டி, "உந்தக் குழாய் நாளைக்கு உடைஞ்சால் திரும்பவும் இப்பிடித்தான் கொத்துவினமோ தம்பி?" என்று கேட்டார்.

அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை. சில மாதம் கழித்து, ஒழுங்கையின் கடைசியில் உள்ள வீடுகளுக்குத் தண்ணீர் நூல் போல வரத் தொடங்கியது. எங்கோ ஒழுக்கு. வீதியில் ஒரு சொட்டு ஈரமும் இல்லை, புல்லும் பச்சை பிடிக்கவில்லை. "மேலை ஒண்டும் ஊறேல்லையே, தண்ணி எங்கை போகுது?" என்பது மாமியின் அடுத்த கேள்வி. இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது என்பது தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. நாங்கள் குடியிருக்கும் கல்லில் இருக்கிறது அந்தப் பதில்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 53 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆழங்குறைந்த கடலின் அடியில் சிப்பியும் பவளமும் சேர்ந்து இறுகியது அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகக் கீழே இறங்குகிறது. சுண்ணாம்புக்கல் அதில் கரையும். மயிரிழை வெடிப்பு விரலளவாகி, விரலளவு கையளவாகி, காலப்போக்கில் குகையாகவும் சுரங்கமாகவும் விரிகிறது. புத்தூருக்கு அருகே நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணறு அப்படியொரு குகையின் கூரை இடிந்து விழுந்து திறந்த வாய். கீரிமலையில் கடலோரத்திலேயே நன்னீர் ஊற்று வருவதும் இதே கல்லின் வழிகளால்தான்.

குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடும். பெய்த மழை கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதக்கும் ஒரு நன்னீர் வில்லையாக நிற்கிறது. நன்னீர் உப்புநீரைவிடச் சற்றுப் பாரம் குறைந்தது என்பதால்தான் இந்த மிதப்பு. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படிக்கும் எவரும் முதலில் கற்கும் கணக்கு. இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், கீழேயிருந்து உப்பு அதன் நாற்பது மடங்கு ஏறக்கூடும்.

இனி மாமியின் இரண்டாவது கேள்வி. களிமண் நிலத்தில் குழாய் ஒழுகினால் தண்ணீருக்குக் கீழே போக வழியில்லை. அது மேலே வந்து வீதியை நனைக்கும், யாரோ ஒருவர் பார்த்து அறிவிப்பார். எங்கள் கல்லில் வழிகள் நிறைய. குழாயிலிருந்து வெளியேறும் நீர் பக்கத்து வெடிப்பில் நுழைந்து சத்தமில்லாமல் கீழே போய்விடும். ஒழுக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடந்தாலும் வீதி காய்ந்தே கிடக்கும்.

அது எவ்வளவு தண்ணீர்? தீக்குச்சியின் தலையளவு, 3 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு துளை என்று வைத்துக்கொள்வோம். 20 மீற்றர் உயரத் தண்ணீர்த் தாங்கியின் அமுக்கம் அந்தக் குழாயில் இருந்தால், நீர் வினாடிக்கு ஏறத்தாழ 20 மீற்றர் வேகத்தில் பீறிடும். துளையின் ஓரத்தில் ஓட்டம் சுருங்குவதைக் கழித்துக் கணக்கிட்டாலும் ஒரு நாளைக்கு 7,000 லீற்றர் வெளியே போகும். வரட்சிக் காலத்தில் ஒரு பவுசர் ஒரு கிராமத்துக்குக் கொண்டுவரும் நீர் அது.

இந்த நீர் இப்போது எப்படி உண்டாகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். 2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு யாழ்ப்பாணம்–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் தொடங்கியபோது, இரணைமடுக் குளத்து நீரைக் கொண்டுவருவதே எண்ணமாக இருந்தது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். தங்கள் வயலுக்கே போதாத நீரை எப்படிக் கொடுப்பது என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. அதன் பின்னரே கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குத் திட்டம் திரும்பியது. வடமராட்சி கிழக்கில் தாழையடியில் அமைந்த நிலையம் 2024 ஓகஸ்ட் மாதம் திறந்துவைக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். அங்கிருந்து யாழ். நகருக்கு நாற்பது கிலோமீற்றருக்கும் மேல் குழாய் வழி.

கடல்நீரை மென்சவ்வினூடாக அழுத்தி உப்பைப் பிரிக்க, ஒரு கன மீற்றர் நன்னீருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். இப்படிக் கிடைக்கும் நீரில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஒழுகிப் போகிறது என்று ஒரு கணக்குக்காக வைப்போம். நாளொன்றுக்கு 2,400 கன மீற்றர். குறைந்த கணக்கான 3 அலகை எடுத்தாலும் 7,200 அலகு மின்சாரம். மாதம் 90 அலகு பாவிக்கும் வீடுகள் எண்பதுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான மின்சாரம் ஒவ்வொரு நாளும் கல்லுக்குள் போய்விடும். பத்தில் ஒன்று என்பது நல்ல நிலை. கொழும்பு நகரின் நூறாண்டு கடந்த வார்ப்பிரும்புக் குழாய்களில் விட்ட நீரில் ஏறத்தாழப் பாதி கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. அதைத் திருத்துவதற்கென்றே 2012 இல் ஒரு பெருந்திட்டம் தொடங்க வேண்டியிருந்தது.

நீர் வீணாவதைவிட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. ஒழுக்குத் துளை வெளியே மட்டும் திறக்கும் கதவன்று. குழாயில் அமுக்கம் உள்ளவரை நீர் வெளியேறும். மின்தடையாலோ திருத்த வேலையாலோ நீர் நின்று அமுக்கம் இறங்கினால், வெளியே தேங்கிய நீர் அதே துளையால் உள்ளே இழுபடும். குடாநாட்டில் வீட்டுக்கு வீடு மலக்குழி. ஒழுங்கைக் குழாய்க்கும் மலக்குழிக்கும் இடையே பல இடங்களில் ஒரு மதில்தான் இருக்கிறது. மணிக்கணக்கு வைத்து நீர் விடும் எந்த ஊரிலும் நாளுக்கு நாள் இந்த ஆபத்து உண்டு. ஆகவே ஒழுக்கை அடைப்பது சிக்கனம் சம்பந்தப்பட்ட வேலை என்று மட்டும் எண்ணக்கூடாது. வயிற்றோட்டத்தையும் நெருப்புக்காய்ச்சலையும் தடுக்கும் வேலையும் அதுதான்.

அடைப்பதற்கு முதல் கண்டுபிடிக்க வேண்டும். மேலே ஈரம் காட்டாத நிலத்தில் இதுவே பாதி வேலை.

பழைய வழி காது. நீர் துளையால் பீறிடும்போது குழாய் மெல்ல இரையும். இரவு இரண்டு, மூன்று மணிக்கு, ஊர் அடங்கிய நேரத்தில், ஒரு கோலின் ஒரு முனையை வால்வில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது போலத்தான். இதன் வளர்ந்த வடிவம், இரண்டு வால்வுகளில் இரண்டு உணரிகளைப் பொருத்தி, ஒரே இரைச்சல் எதற்கு முந்தி வந்தது என்று அளப்பது. வால்வுகளுக்கு இடையே 100 மீற்றர், வார்ப்பிரும்புக் குழாயில் ஒலி வினாடிக்கு 1,200 மீற்றர் போகிறது, ஓர் உணரிக்கு இரைச்சல் அறுபதில் ஒரு வினாடி முந்தி வந்தது என்றால், துளை அந்தப் பக்கத்துக்கு 20 மீற்றர் கிட்ட இருக்கிறது. அதாவது ஒரு பக்கம் 40 மீற்றர், மறுபக்கம் 60. சரியாக அந்த இடத்தில் ஒரு குழி தோண்டினால் போதும், ஒழுங்கை முழுவதையும் கிளற வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் ஒழுங்கைகளில் இன்று பதிப்பது இரும்புக் குழாய் அன்று, நீலக்கோடு போட்ட கறுத்தப் பொலிஎதிலீன் குழாய். இது துருப்பிடிக்காது, சற்று வளையும், மூட்டுகளை உருக்கி ஒட்டலாம். நல்ல குழாய்தான். ஆனால் மென்மையான அதன் சுவர் ஒலியை உறிஞ்சிவிடும். இரும்பில் நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும் இரைச்சல் இதில் சில பத்து மீற்றரிலேயே தேய்ந்துவிடும். ஆகையால் இங்கே வேறு வழிகள் வேண்டும். ஒன்று, இரவு ஓட்டத்தை அளப்பது. எல்லோரும் உறங்கும் நேரத்தில் ஒரு பகுதிக்குள் போகும் நீர் மிகக் குறைவாக இருக்க வேண்டும். மானி வேகமாகச் சுற்றினால் ஒழுக்கு உண்டு. வால்வுகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போக, எந்த வால்வைப் பூட்டியதும் மானி அடங்குகிறதோ அந்த ஒழுங்கையில்தான் துளை. மற்றது வாயு வைப்பது. 5 வீதம் ஐதரசனும் 95 வீதம் நைதரசனும் கலந்த, தீப்பிடிக்காத கலவையைக் குழாய்க்குள் செலுத்துவார்கள். ஐதரசன் மூலக்கூறு எல்லாவற்றிலும் சிறியது, இலேசானது. துளையால் வெளியேறி, மண்ணையும் வீதியின் தாரையும் கடந்து நேர்மேலே வரும். மோப்பக் கருவியோடு நடந்தால் இடம் தெரிந்துவிடும். நீர் கீழே போய் ஒளிந்துகொள்ளும் கல்நிலத்தில், மேலே மட்டும் ஏறும் ஒரு வாயுவைத் துப்பறிய விடுவது எவ்வளவு பொருத்தமானது என்று பாருங்கள்.

இடம் தெரிந்த பிறகு, கொத்தாமல் திருத்துவது எப்படி?

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, 1971 இல் எரிக் வுட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் இலண்டனின் ஹக்னிப் பகுதியில், முட்டை வடிவத்தில் செங்கல்லால் கட்டிய பழைய கழிவுநீர்க் கால்வாய் ஒன்றில் செய்து காட்டியது. பழைய குழாய்க்குள்ளேயே புதுக் குழாயை வார்த்துவிடுவதுதான் அவரது யோசனை. அதைச் செய்யும் விதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

தடித்த கம்பளித் துணி போன்ற நெய்யாத துணியில், வீதியின் நீளத்துக்கு ஒரு நீண்ட உறை தைக்கிறார்கள். அதன் வெளிப்புறம் நீர் புகாத பூச்சு. உட்புறம் முழுவதும் திரவப் பிசினில் ஊறியிருக்கும். பிசின் நேரத்துக்கு முந்தி இறுகிவிடாமல் இருக்க உறையை ஐஸ் போட்ட லொறியில் கொண்டுவருவார்கள். எங்கள் வைகாசி வெயிலில் இது இன்னும் கவனமாகச் செய்ய வேண்டிய காரியம். ஆளிறங்கு குழியின் மேலே ஒரு சாரம் கட்டி, உறையின் வாயை ஒரு வளையத்தில் வெளிப்பக்கமாக மடித்துக் கட்டுவார்கள். பிறகு அந்த மடிப்புக்குள் நீரை ஊற்றுவார்கள். நீரின் பாரம் உறையைப் புரட்டத் தொடங்கும். பிள்ளையின் சட்டைக் கையை உட்புறம் வெளியே வரப் புரட்டுகிறோமே, அதே புரட்டல். புரளப் புரள, பிசின் ஊறிய உட்புறம் வெளிப்புறமாகி, பழைய குழாயின் சுவரோடு ஒட்டிக்கொண்டே போகும். உறை சுவரில் உரசி இழுபடுவதில்லை. புரளும் முனை மட்டுமே முன்னேறுகிறது. வளைவுகளிலும், உடைந்த விளிம்புகளிலும், வெடிப்புகளிலும் அது கிழியாமல் படிந்து போகும் இரகசியம் இதுதான். மறுமுனைக்கு வந்ததும் உள்ளிருக்கும் நீரைச் சூடாக்குவார்கள். சில மணி நேரத்தில் பிசின் கல்லாக இறுகிவிடும். நீரை இறைத்துவிட்டுப் பார்த்தால், உடைந்த குழாய்க்குள் மூட்டே இல்லாத ஒரு புதிய குழாய். 50 ஆண்டு தாங்கும் என்ற கணக்கில் இப்படியான உறைகளை வடிவமைக்கிறார்கள்.

உறை போட்டபோது வீட்டு இணைப்புகளின் வாய்களும் மூடுண்டிருக்கும். கமராவும் வெட்டுப்பல்லும் பூட்டிய சிறு றோபோவை உள்ளே அனுப்பி, உறையில் குழி விழுந்த இடங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டித் திறப்பார்கள். குழாய் ஒடுங்கிவிடாதா என்று கேட்கலாம். 150 மில்லிமீற்றர்க் குழாயில் 6 மில்லிமீற்றர்த் தடிப்பில் உறை போட்டால் உள்விட்டம் 138 ஆகக் குறையும். அதனால் மட்டும் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். ஆனால் கரடுமுரடான பழைய சுவருக்குப் பதில் வழவழப்பான சுவர் வந்துவிடுவதால், இழந்த ஓட்டம் திரும்பக் கிடைக்கிறது. பல வேளைகளில் முன்னையதைவிடக் கூடுதலாகவே ஓடும்.

இன்று சூட்டு நீருக்குப் பதில் நீராவியும், கண்ணாடியிழை உறைக்குள் புறஊதா விளக்குத் தொடரை இழுத்துச் சென்று இறுக வைப்பதும் வந்துவிட்டன. முழு நீளமும் பழுதில்லை, ஓரிடத்தில் மட்டும் வெடிப்பு என்றால், ஊதக்கூடிய பலூனில் ஒரு முழ உறைத் துண்டைச் சுற்றி அந்த இடத்துக்கு அனுப்பி, ஊதி ஒட்டிவிடலாம். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் பிறந்த இன்னொரு முறை, இரத்தத் தட்டணுக்கள் காயத்தை அடைப்பதைப் பார்த்துச் செய்தது: ஓட்டத்தோடு சிறு துணிக்கைகளை அனுப்பினால், அமுக்கமே அவற்றைத் துளையிடம் இழுத்துச் சென்று அடைக்கும்.

பழைய குழாய் உறை போடவும் முடியாத அளவுக்கு உளுத்துவிட்டால், உடைத்து நுழைக்கும் முறை உண்டு. 1970களின் கடைசியில் பிரித்தானியாவில் வார்ப்பிரும்பு வாயுக் குழாய்களை மாற்ற உருவானது. ஒரு முனையில் குழி, மறு முனையில் குழி. கூம்பு போன்ற உருக்குத் தலையைப் பழைய குழாய்க்குள் நுழைத்து, மறுமுனையிலிருந்து பெரும் விசையோடு இழுப்பார்கள். கூம்பு பழைய குழாயைச் சில்லுச் சில்லாக உடைத்து வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே போக, அதன் வாலில் கட்டிய புதுப் பொலிஎதிலீன் குழாய் அந்த இடத்துக்கு வந்துவிடும். பழையதைவிடச் சற்றுப் பெரிய குழாயையும் இப்படிப் போடலாம்.

எங்கள் நிலத்தில் இது சரிவருமா? இங்கே யோசித்துப் பேச வேண்டும். உடைந்த துண்டுகள் ஒதுங்க இடம் வேண்டும். குழாயைச் சுற்றி ஓர் அடி மணல் இருந்தால் ஒதுங்கும். வலிகாமத்தில் கல்லை ஒடுக்கமாகக் கொத்தி, அதற்குள் குழாயை இறுக்கி வைத்திருந்தால், கூம்பு குழாயோடு சேர்த்துக் கல்லையும் உடைக்க வேண்டியிருக்கும், அது நடக்காது. தென்மராட்சியிலும் வடமராட்சி கிழக்கிலும் மணற்பாங்கான இடங்களில் வெற்றி பெறக்கூடிய முறை வலிகாமத்துச் சுன்னாகத்தில் தோற்கலாம். வீதிக்கும் தண்டவாளத்துக்கும் அடியால் துளைத்துக் குழாய் கொண்டுபோகும் திசை மாற்றித் துளைத்தலுக்கும் இதே சிக்கல் உண்டு. துளையிடும்போது சேற்றுக் குழம்பைச் செலுத்தித்தான் துளையை நிறுத்தி வைப்பார்கள். வழியில் ஒரு குகை அகப்பட்டால் குழம்பு முழுவதும் அதற்குள் இறங்கி, யாருடைய கிணற்றிலோ போய்க் கலங்கும்.

குடிநீர்க் குழாய்க்குள் உறை போடுவதிலும் கட்டுப்பாடு உண்டு. கழிவுநீர்க் குழாய்க்குப் பாவிக்கும் பொலியெஸ்ரர்ப் பிசினில் ஸ்ரைறீன் என்ற, மணக்கும் இரசாயனம் இருக்கிறது. குடிநீருக்கு அது ஆகாது. எபொக்சி போன்ற, குடிநீருக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட பிசின்தான் வேண்டும். அமுக்கத்தையும் உறை தாங்க வேண்டும், வெட்டித் திறந்த வீட்டு இணைப்பு ஒவ்வொன்றும் நீர் புகாமல் மூடப்பட வேண்டும். எனவே ஒழுங்கைகளில் ஓடும் சிறு குடிநீர்க் குழாய்களுக்கு, இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்து ஒரேயொரு சிறு குழி தோண்டித் திருத்துவதே பெரும்பாலும் மலிவு. தோண்டாமல் திருத்தும் கலை முழுமையாகப் பலன் தருவது, நகரத்துப் பெரிய குழாய்களிலும் கழிவுநீர்க் குழாய்களிலும்.

கழிவுநீர்க் குழாய்தான் யாழ்ப்பாணத்தில் இல்லையே என்று சொல்லலாம். இல்லைதான். 2010 திட்டத்தின் தலைப்பிலேயே துப்புரவேற்பாடும் சேர்ந்திருந்தது, ஆனாலும் நகரம் இன்னும் மலக்குழியில்தான் நிற்கிறது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தோட்டத்து உரம் ஒரு காரணம், மலக்குழி மறு காரணம். இந்த நிலை நெடுங்காலம் ஓடாது. ஒரு நாள் நகருக்குக் கழிவுநீர்க் குழாய் வந்தே ஆக வேண்டும். வரும்போது, அது ஒழுகினால் என்ன ஆகும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். மணல் நிலம் கிருமியை வடிக்கும். வெடிப்பும் குகையும் உள்ள கல் வடிக்காது, கடத்திவிடும். கனடாவின் வோக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதத்தில், ஆழங்குறைந்த ஒரு கிணற்றுக்குள் வெடிப்புள்ள பாறை வழியாகப் பண்ணைச் சாணத்தின் கிருமிகள் இறங்கின. ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நிலத்துக்குள் போனது எங்கே வெளிப்படும் என்று சொல்ல முடியாது என்பதை, நிலத்துக்குள் இறங்கிய எண்ணெய் சுன்னாகம் கிணறுகளில் மிதந்த நாட்களில் நாங்களே கண்டவர்கள்.

சிங்கப்பூர் இதைப் பாடமாகப் பார்க்கத் தக்க ஊர். எங்கள் பாட்டன்மார் றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலைக்குப் போன அதே மலாயாக் கரை. அங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து தீவெங்கும் பழைய கழிவுநீர்க் குழாய்களைப் பெரும்பாலும் தோண்டாமலே புதுப்பித்து வருகிறது. உடைந்த பிறகு ஓடிப்போய்த் திருத்துவதில்லை. கமராவை முறை வைத்து உள்ளே அனுப்பி, வெடிப்பு சிறிதாக இருக்கும்போதே உறை போடுகிறார்கள்.

இதற்கு அவர்களிடம் முதலில் இருந்தது வரைபடம். எந்தக் குழாய், எந்த ஆண்டு, எந்த ஆழத்தில், எங்கே வால்வு, எங்கே ஆளிறங்கு குழி என்று எழுதி வைத்த வரைபடம். தோண்டாமல் திருத்த வேண்டுமென்றால், தோண்டியிருக்கும் நாளில் அதற்கான ஏற்பாடு நடந்திருக்க வேண்டும். பொலிஎதிலீன் குழாயை உலோகம் தேடும் கருவி காணாது; அதனோடு ஒரு செப்புக் கம்பியைச் சேர்த்துப் புதைத்தால் நாற்பது ஆண்டு கழித்தும் மேலிருந்து கண்டுபிடிக்கலாம். சில நூறு மீற்றருக்கு ஒரு வால்வும், பகுதிக்கு ஒரு மானியும் இருந்தால் ஒழுக்கைத் தேடும் இரவு வேலை விரைவாக முடியும். கல்லில் கொத்திய கிடங்கில் குழாயின் அடியிலும் சுற்றியும் மணல் போடாமல், கொத்தியெடுத்த கூரான கல்லையே தள்ளி மூடினால், வண்டி ஓட ஓட அந்தக் கூர் குழாயின் ஒரு புள்ளியை அழுத்திக்கொண்டே இருக்கும்; பத்தாண்டிலோ இருபதாண்டிலோ வெடிக்கும். மூட்டை உருக்கி ஒட்டுமுன் குழாயின் மேற்றோலைச் சுரண்டித் துடைக்காமல், செம்மண் தூசியோடு ஒட்டினாலும் அதே கதிதான். சுரண்டித் துடைப்பது ஐந்து நிமிட வேலை.

எங்கள் ஒழுங்கை ஒழுக்கைக் கடைசியில் கண்டுபிடித்தபோது அது ஒரு மூட்டில்தான் இருந்தது. இடம் சரியாகத் தெரியாததால் நான்கு குழி தோண்டினார்கள். நான்காவதில் தண்ணீர்.

குடாநாட்டில் ஒழுங்கை ஒழுங்கையாகக் குழாய் இன்னும் பதிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. காப்பெற் போட்ட வீதிகள் மறுபடி வெட்டப்படுகின்றன. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும், மாநகர சபையும், பிரதேச சபைகளும், வீதிக்குப் பொறுப்பானவர்களும் ஒரே வரைபடத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்பது பொதுமக்கள் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று. அதுவரை நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் படலைக்கு முன்னால் கிடங்கு வெட்டினால், மூடுமுன் போய்ப் பாருங்கள். குழாயின் கீழும் மேலும் மணல் இருக்கிறதா என்று கேளுங்கள். மதிலிலிருந்து குழாய் எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், மூட்டு எந்த இடத்தில் என்று நாடாப் பிடித்து அளந்து, கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து, திகதியும் எழுதி, காணி உறுதியோடு சேர்த்து வைத்துவிடுங்கள். மாமி அப்படித்தான் இப்போது வைத்திருக்கிறார்.